உம் கொட்டிய பக்கம்

1

இந்தக் கதையில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். எழுத்தில் அல்ல, கையால். அது என்ன என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். இப்போதே சொன்னால் திட்டிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். திட்டுவது உங்கள் உரிமை. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

சென்ற ஆண்டு, 1948 ஆடி மாதம், நான் வேலை பார்க்கும் ஹைஸ்கூலில் புத்தக பீரோவைத் தூசி தட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஜலகண்டாபுரத்திலிருந்து வண்டிப் பாதையில் ஒன்றரை மணி நேரம் போனால் வருகிற ஊர். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இது என் கதை, உன் கதை என்று சண்டைக்கு வருவார்கள். பீரோவில் இருந்த புத்தகங்கள் எல்லாம் படித்துப் படித்துக் கிழிந்து, மாவுப்பசை போட்டு ஒட்டியவை. ஒன்று மட்டும் அப்படி இல்லை. அதன் அட்டையும் முதல் தாள்களும் எப்போதோ போய்விட்டன, ஆகவே பெயர் தெரியாது. ஆனால் அதன்பின் யார் கையும் பட்டதாகத் தெரியவில்லை. ஒரு வியாபாரி கப்பலேறிப் போய், திசை தவறி, பல தீவுகளில் அலைந்து ஊர் திரும்பும் கதை. மொத்தம் நூற்று நாற்பத்தெட்டுப் பக்கம்.

அதற்குள் ஒரு தபால் கார்டு இருந்தது. 1938 தை மாதத்துக் கார்டு. மூலையில் கறுப்பு மை. நடுவில், ஆணி போகும் அளவுக்கு ஓர் ஓட்டை. "நமது சின்னண்ணன் வெள்ளிக்கிழமை சிவலோக பதவி அடைந்துவிட்டார். உடனே புறப்பட்டு வரவும். இப்படிக்கு, வெள்ளியங்கிரி."

கறுப்பு தடவிய கார்டை யாரும் வைத்துக்கொள்வதில்லை. வாசலில் நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இது பத்து வருஷமாகப் பள்ளிக்கூட பீரோவில் இருந்திருக்கிறது. போதாததற்கு, கார்டின் அடியில் பென்சிலால், ஒரு குழந்தையின் கையெழுத்தில் இரண்டு வார்த்தை:

"இது பொய்."

2

முதல் தொடக்கம்: "மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த"

(வேண்டாம். சூரியனை இறக்கித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "பச்சமுத்துவுக்குப் பன்னிரண்டு வயது. துடுக்கான பையன். அவன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு"

இப்படி ஆறு பக்கம் எழுதிவிட்டேன். பச்சமுத்து மரம் ஏறினான், மாங்காய் திருடினான், நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தான். அப்போது தம்மம்பட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்து அவனை ஒழித்துக்கட்டியது. எழுதியவர் சரவணமுத்து. பத்து வருஷத்துக்கு முன் இதே பள்ளியில் பூகோள வாத்தியார். பீரோவை முதன்முதலில் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டவர் என்று கேள்விப்பட்டு நான்தான் கார்டைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தேன். நாலு பக்கம் பதில் எழுதியிருந்தார். கூடவே என் கடிதத்தையும் திருப்பி அனுப்பியிருந்தார், மூன்று ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு.

"பையன் அல்ல, பெண். இரண்டாம் பாரம் படித்தவள். அப்போது பள்ளியில் மொத்தமே மூன்று பெண்கள். இவள் பெயர் வசந்தாமணி. சின்னண்ணனின் ஒரே மகள்" என்று இருந்தது. பச்சமுத்துவுக்கு நான் இரண்டு நாள் துக்கம் அனுசரித்தேன்.

இனி வருவது அவர் கடிதம் பாதி, ஊரில் விசாரித்தது கால், மிச்சம் என் கற்பனை. கற்பனை வரும் இடத்தில் அடைப்புக்குறி போடுவதாக உத்தேசம். எல்லா இடத்திலும் போடுவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

3

சரவணமுத்து வந்த காலத்தில் பீரோவுக்குப் பெரிய பூட்டு. இன்ஸ்பெக்டர் வரும் அன்று திறப்பார்கள். உயர வரிசைப்படி அடுக்கிக் காட்டிவிட்டுப் பூட்டிவிடுவார்கள். ஹெட்மாஸ்டர் வெங்கடாசலம் நல்ல மனிதர். கரையானுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் பயந்தார், அவ்வளவுதான். ஒரு வருஷம் நச்சரித்துச் சாவியை வாங்கினார் சரவணமுத்து.

அவர் வைத்த விதி இது. திங்கட்கிழமை ஆளுக்கு ஒரு புத்தகம். வீட்டுக்கு எடுத்துப் போய், வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அடுத்த திங்கட்கிழமை, கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று வகுப்பில் வந்து சொல்ல வேண்டும். பள்ளிக்குள் மட்டும் படிக்கிற புத்தகம் மணி அடித்ததும் மறந்துபோகும் என்பது அவர் கட்சி. எப்படிப் படிப்பது சார் என்று கேட்டதற்கு, "கேட்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் படி என்று கேட்க வேண்டும், அப்படிப் படியுங்கள்" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. கிழக்கத்திக்காரர், இந்த ஊரில் 'ஏடு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது.

இந்த ஊரில் சாவு விழுந்த வீட்டில்தான் ஏடு படிப்பார்கள். கருமாதி வரைக்கும் ஒருவர் வந்து உட்கார்ந்து, இழுத்து இழுத்து ஒரு ராகத்தில் பழைய கதைகளைப் படிப்பார். "அவங்க ஊட்டுல ஏடு படிக்கிறாங்க" என்று யாராவது சொன்னால், எதிரில் இருப்பவர் "யாருங்க?" என்று மட்டும்தான் கேட்பார்.* பள்ளிப் பாடத்தைப் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

வசந்தாமணி ஒரு புத்தகத்திலிருந்து கதை படிக்கக் கேட்டது பிறந்ததிலிருந்து இரண்டே தடவை. பெரியப்பன் செத்தபோது ஒரு தடவை, எதிர்வீட்டுக்காரர் செத்தபோது ஒரு தடவை. இரண்டு தடவையும் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. கேட்கிறவர்கள் இன்னும் கேட்கும்படி படி என்று வாத்தியார் சொன்னால், அந்தப் பிள்ளை வேறு எந்த ராகத்துக்குப் போகும்?

* இது எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. என் கதை நடக்கிற ஊருக்குப் பொருந்தினால் போதும்.

4

சின்னண்ணன் கிணறும் பத்து ஏக்கர் காடும் உள்ள விவசாயி. எழுதப் படிக்கத் தெரியாது. மார்ச்சளி கண்டு இரண்டு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். பேசினால் இருமல் வரும் என்பதால் பேசுவதைக் குறைத்துவிட்டார். புத்தகம் வீட்டுக்கு வந்த முதல் வாரம். அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. உச்சிப்பொழுதில் மகள் கட்டில் காலருகே உட்கார்ந்து, கப்பல் கதையை அந்த ராகத்தில் எடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உம் கொட்டிக்கொண்டிருந்தார். தாய் சௌந்திரம் காட்டு வேலைக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் முதல் வரியிலேயே வாயைப் பொத்தியிருப்பாள்.

வீட்டை ஒட்டி வண்டிப் பாதை. அதில் வந்தார் வெள்ளியங்கிரி, சின்னண்ணனுக்கு நெருங்கிய பங்காளி. மகளுக்கு அன்று நிச்சயம். வண்டியில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத் தட்டுகள்.

(அவரை வில்லனாக்க முயன்றேன். மீசை வைத்தேன், நிலத் தகராறு ஒன்றையும் சேர்த்தேன். ஒட்டவில்லை, எடுத்துவிட்டேன்.)

அவர் காதில் ஏடு விழுந்தது. சின்னண்ணன் போய்விட்டான் என்று வண்டியை நிறுத்தினார். உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். நிச்சயத் தட்டோடு எழவு வீட்டு வாசலை மிதிக்க முடியுமா? பங்காளிக்குத் தீட்டு வந்தாயிற்று, நிச்சயம்தான் நடக்குமா? வண்டியைத் திருப்பிப் போய், மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பிக் காரியத்தை நிறுத்தினார். பிறகு தபாலாபீசில் உட்கார்ந்து, அழுதுகொண்டே எட்டுக் கார்டு எழுதி மை தடவிப் போட்டார். அவர் செய்ததில் எதையும் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அன்று சாயங்காலமே, எப்போது எடுக்கிறார்கள் என்று விசாரிக்க அவர் ஆள் அனுப்பியபோது, சின்னண்ணன் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது. கார்டுகள் போய்விட்டன.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் சனம் வந்து சேர்ந்தது. தெருமுனையிலேயே பெண்கள் ஒப்பாரி எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்தவர் சௌந்திரத்தின் அண்ணன் கந்தப்பன், அம்மாபேட்டையில் நூல் கடை வைத்திருப்பவர். உள்ளே வந்தவர் நிலைப்படியில் நின்றார். மச்சான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, "வாங்க மச்சான், என்ன இத்தன சனத்தோட?" என்கிறார்.

சிரிக்க வேண்டிய இடம். ஊரில் இதைச் சொன்னவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்று யாரும் சிரிக்கவில்லையாம். கந்தப்பன் அப்படியே உட்கார்ந்து, மச்சான் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பியிருக்கிறார்.

அவர் சட்டைப்பையில் கார்டு இருந்தது. கடைக்கு வரும் கடிதத்தையெல்லாம் கம்பியில் குத்திவைத்துப் பழகிய கை. படித்ததும் அதையும் குத்திவிட்டார். பிறகுதான் உறைத்து, பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். ஓட்டை அப்படி வந்தது.

சின்னண்ணன் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளிடம் நீட்டினார்.

"என்ன எழுதியிருக்குது? படி சாமி."

வசந்தாமணி படித்தாள். இந்தத் தடவை ராகம் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி, மெல்ல, வார்த்தை வார்த்தையாக. அவர் வழக்கம்போல் உம் கொட்டினார். படித்து முடித்ததும் அவள் உள்ளே ஓடிப்போய்ப் பென்சில் எடுத்துவந்து, எல்லோர் முன்னாலும் கார்டின் அடியில் 'இது பொய்' என்று எழுதினாள்.

6

பொய் என்று எழுதிவிட்டாளே தவிர, ஊர் அவளை விடவில்லை. உசிரோடு இருக்கிறவனுக்கு ஏடு படித்தால் ஆயுசு குறையும் என்று ஒருத்தி சொன்னாள். நின்றுபோன நிச்சயத்தை மாப்பிள்ளை வீடு சகுனத் தடை என்று தள்ளிப்போட்டது. வெள்ளியங்கிரி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்து, புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார். ஹெட்மாஸ்டர் அன்றே பீரோவைப் பூட்டினார். சாவி மறுபடி அவர் இடுப்புக்குப் போயிற்று.

சரவணமுத்துவுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லையாம். செவ்வாய்க்கிழமை வசந்தாமணி கப்பல் கதையைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். படித்துவிட்டாயா என்று கேட்டார்.

"பாதிதானுங்க சார். இனி நான் படிக்க மாட்டேனுங்க. படிச்சா எங்கய்யன் செத்துப்போயிருவாரு."

பூகோளத்தில் இதற்குப் பதில் இல்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இங்கே கதையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பீரோ பூட்டியிருக்கிறது, பிள்ளை பயந்திருக்கிறது, வாத்தியார் தோற்றுவிட்டார். சோகமாக முடித்தால் நல்ல எழுத்தாளர் என்பார்கள். ஆனால் இந்த முடிவைச் சின்னண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை.

7

அந்த வாரமே ஒரு நாள், இரண்டாம் மணி அடித்த நேரத்தில், பள்ளிக்கூட வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வைக்கோல் மேல் போர்வை சுற்றிக்கொண்டு சின்னண்ணன். ஓட்டிவந்தது சௌந்திரம். பெண்பிள்ளை வண்டி ஓட்டி யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் பதறி வெளியே வந்தார். உள்ளே வாங்க என்றார். எறங்கினா ஏற முடியாதுங்க என்று சொல்லிவிட்டு, வண்டியில் இருந்தபடியே சின்னண்ணன் வந்த காரியத்தைச் சொன்னார். கதை பாதியில் நிற்கிறது, கப்பல்காரன் தீவில் கிடக்கிறான், வீட்டுக்கு வந்து சேர்ந்தானா இல்லையா என்று தெரியாமல் தூக்கம் பிடிக்கவில்லை, புத்தகம் வேண்டும்.

ஹெட்மாஸ்டர் ஊர் சொன்னதைச் சொன்னார். உயிரோடு இருக்கிறவருக்கு ஏடு படிக்கக்கூடாதாமே என்று இழுத்தார்.

சின்னண்ணன் மடியிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார்.

"செத்தவனுக்குத்தானுங்க ஏடு படிப்பாங்க? நான் செத்துப்போட்டேனுங்க. இந்தாங்க, கார்டு இருக்குது. எட்டு ஊருக்குப் போயிருக்குது. இனி எம்புள்ள படிக்கறதுல ஆருக்கு என்னங்க கொறை?"

சொல்லிவிட்டு இருமினார். நெடுநேரம் இருமினார். சௌந்திரம் முதுகைத் தடவிக்கொண்டே ஹெட்மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தாள். வெங்கடாசலம் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். சாவியை அதிலேயே விட்டுவிட்டு, புத்தகத்தோடு வெளியே வந்தார்.

வசந்தாமணி வகுப்பைவிட்டு வந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். வேண்டாங்கய்யா என்றாளாம். அவர் அவள் தலையில் கை வைத்துச் சொன்னதைச் சரவணமுத்து பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்:

"ராகம் போடாத சாமி. அன்னிக்கி கார்டு படிச்சயே, அப்படிப் படி. பேசற மாதிரி. அது உசுரோட இருக்கறவங்களுக்கு."

(இந்தக் கடைசி வரி என் கைவண்ணம் என்று சந்தேகப்படுவீர்கள். இல்லை. கடிதத்தில் அப்படியே இருக்கிறது, கீழே கோடிட்டு.)

அன்றிலிருந்து பள்ளியில் அதுவே விதி ஆயிற்று. ராகம் கூடாது, பேசுகிற மாதிரி படி. ஒரு வாரத்தில் நாலு வீட்டில் படித்தார்கள். பங்குனிக்குள் முப்பது வீடு. வெள்ளியங்கிரியின் மகள், நிச்சயம் தள்ளிப்போன அந்தப் பெண், படிக்கிற சத்தம் கேட்டு வந்து உட்கார்ந்து, கடைசியில் தானே எழுத்துக் கற்றுக்கொண்டாள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. இப்போது பீரோவில் யார் கையும் படாத புத்தகம் அந்தக் கப்பல் கதை ஒன்றுதான்.

8

சின்னண்ணன் பங்குனியில் இறந்தார். மகள் படித்துக்கொண்டிருக்கும்போதே.

இதை இரண்டு விதமாக முடித்துப் பார்த்தேன்.

ஒன்று: கப்பல் ஊர் சேர்கிறது. சின்னண்ணன் திருப்தியாக, சேர்ந்துட்டானா, என்று கேட்டுக் கண்ணை

(சேச்சே.)

இரண்டு: கப்பல் இன்னும் நடுக்கடலில். புயல். வசந்தாமணி பக்கத்தைத் திருப்புகிறாள், உம் என்ற சத்தம்

இதையும் நிறுத்திவிட்டேன். எது நடந்தது என்று தெரியாமல் எழுதுவது எனக்குக் கூசியது. அவளையே கேட்டுவிடுவது என்று, நாமக்கல் பக்கம் கட்டிக்கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, விலாசம் தேடி எழுதினேன். நீங்கள் படித்த புத்தகமும் உங்கள் அப்பாவின் கார்டும் எங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன, அவர் கதையை முழுக்கக் கேட்டாரா என்று கேட்டிருந்தேன். போன வாரம் பதில் வந்தது. சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை; அப்படியே தருகிறேன்.

"ஐயா அவர்களுக்கு வணக்கம். எனக்கு இரண்டு குழந்தைகள். தினமும் கதை படித்துக் காட்டுகிறேன். அந்தப் புத்தகத்தை மட்டும் பிறகு நான் தொடவில்லை. நீங்கள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. அந்த இரண்டு மாதமும் நான் கதையைக் கவனிக்கவே இல்லை. வாய் படிக்கும், காது எங்கய்யன் உம் கொட்டுகிறாரா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அன்றைக்கு உம் நின்றதும் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன். எங்கம்மா அந்தப் பக்கத்திலேயே கார்டை வைத்து மூடி, பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. போன வருஷம் அவரும் போய்விட்டார். கார்டு அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், கேட்க வெட்கமாக இருந்தது. கார்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதற்குள் கப்பல்காரன் வீடு வந்துவிட்டானா என்று பார்த்துச் சொல்லுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்."

9

இப்போது என் தப்பு.

ஆடி மாதம் அந்தப் புத்தகத்தை எடுத்தபோது கறுப்பு மூலை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்னடா இது என்று உருவினேன். உருவிக் கார்டைப் படித்தேன். புத்தகம் மூடிக்கொண்டது. எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை. கதை கிடைத்த சந்தோஷத்தில் பார்க்கத் தோன்றவே இல்லை. பத்து வருஷம் யார் கையும் படாமல் காத்திருந்ததை நான் ஒரு நொடியில் தொலைத்தேன்.

போன வாரம் முழுக்க அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். கார்டின் மை ஒட்டிய கறை பதினோரு பக்கங்களில் இருக்கிறது. படித்து நிறுத்திய இடத்தில் கார்டை அடையாளமாக வைத்திருப்பாள். கடைசிக் கறை நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில். அதற்குமேல் இல்லை. அதற்குமேல் அவர் போகவில்லையா, அல்லது அதற்குள் மை காய்ந்துவிட்டதா? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். தெரியவில்லை.

கப்பல்காரன் வீட்டு வாசலை மிதிப்பது நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில்.

தெரியவில்லை என்று எழுதலாம். அது நிஜம், அவளுக்கு இன்னொரு பத்து வருஷம். நூற்று முப்பத்திரண்டு என்று எழுதலாம். அந்தக் கையெழுத்தில் 'இது பொய்' என்று யாரும் அடியில் எழுதப் போவதில்லை. வாழ்நாள் முழுக்கப் பொய்யே எழுதி வந்த எனக்கு, ஒரு எண்ணை எழுதக் கை வரவில்லை.

புதுக் கார்டு ஒன்று மேஜையில் இருக்கிறது. விலாசம் எழுதியாயிற்று. "கார்டு இருந்த பக்கம்" என்பது வரை எழுதி நிறுத்தியிருக்கிறேன். தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார்.

இவ்வளவு தூரம் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். எண்ணை நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். உம்.